கிணறு சுத்தமானால் குடம் சுத்தமாகுமா?

ஒரு நொடி. கண்ணை மூடித் திறக்கும் நேரம்.

அந்த நேரத்துக்குள் 39 கோடியே 80 லட்சம் பேர் ஒரே கடை வாசலில் வந்து நின்று, "எனக்குக் கொடு! எனக்குக் கொடு!" என்று கூவினால் என்ன ஆகும்?

கடை என்ன, தெருவே இருக்காது!

2023-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கூகுள் கம்பெனியின் கம்ப்யூட்டர்களை இப்படித்தான் முற்றுகையிட்டார்கள். வந்தவர்கள் மனிதர்கள் அல்ல. கெட்ட எண்ணம் கொண்டவர்கள் கம்ப்யூட்டர்களை ஏவிவிட்டு அனுப்பிய பொய்க் கோரிக்கைகள். நொடிக்கு 39 கோடியே 80 லட்சம்! அதற்கு முந்திய ஆண்டு கூகுள் சந்தித்த பெரிய தாக்குதலில் நொடிக்கு 4 கோடியே 60 லட்சம்தான் வந்தது.

இரண்டு நிமிடம் அந்தத் தாக்குதல் நீடித்தது. அந்த இரண்டு நிமிடத்தில் வந்த கோரிக்கைகள், விக்கிப்பீடியா கலைக்களஞ்சியத்தின் கட்டுரைகளை அந்த ஆண்டு செப்டம்பர் மாதம் முழுவதும் உலகத்தார் பார்த்த எண்ணிக்கையைவிட அதிகம் என்று கூகுள் பிறகு அறிவித்தது.

கிளவுட்பிளேர் என்ற மற்றொரு கம்பெனியும் அடி வாங்கியது. அங்கே நொடிக்கு 20 கோடியே 10 லட்சம். அதை அனுப்பியது எத்தனை கம்ப்யூட்டர்கள் தெரியுமா? சுமார் 20 ஆயிரம்தான். கம்ப்யூட்டர் கணக்கில் இது சின்னக் கூட்டம். சின்னக் கூட்டம் இவ்வளவு பெரிய அடியை எப்படிக் கொடுத்தது? அதில்தான் தந்திரம் இருக்கிறது.

கூகுள் பெரிய கம்பெனி. தாங்கிக்கொண்டது. ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டருக்கோ, ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தின் கம்ப்யூட்டருக்கோ இதில் ஆயிரத்தில் ஒரு பங்கு வந்தாலும் தாங்குமா?

இரண்டு சர்வர்கள்

ஓட்டலில் இலை போட்டுப் பரிமாறுகிறவரை "சர்வர்" என்கிறோம். கம்ப்யூட்டர் உலகத்திலும் சர்வர் உண்டு. ரெயில் டிக்கெட் வேண்டும் என்று நீங்கள் போனில் தட்டுகிறீர்கள். எங்கோ ஓர் ஊரில் இருக்கும் கம்ப்யூட்டர் அதைக் கேட்டு, டிக்கெட்டை எடுத்து அனுப்புகிறது. அதுதான் சர்வர். வேலை ஒன்று, பெயரும் ஒன்று.

இப்போது ஓர் ஓட்டலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மேஜைக்காரர் ஒரே சமயத்தில் 100 தோசைக்கு மேல் கேட்கக்கூடாது என்று அங்கே சட்டம்.

ஒரு போக்கிரி வந்து உட்காருகிறான். 100 தோசை கேட்கிறான். சர்வர் உள்ளே போய்ச் சொல்கிறார். சரக்கு மாஸ்டர் கல்லில் மாவை ஊற்றுகிறார். உடனே போக்கிரி, "வேண்டாம்" என்கிறான்.

அவன் கேட்ட கணக்கு இப்போது பூஜ்யம்! சட்டப்படி மறுபடியும் 100 கேட்கலாம். கேட்கிறான். உடனே "வேண்டாம்" என்கிறான். மறுபடியும் 100. மறுபடியும் "வேண்டாம்".

மேஜையில் ஒரு தோசைகூட இல்லை. அடுக்களையிலோ ஆயிரம் தோசை வேகிறது! பக்கத்து மேஜையில் குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் தாய்க்கு ஒரு தோசை வரவில்லை.

இதே தந்திரத்தைத்தான் அவர்கள் கையாண்டார்கள். கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கு 2015-ல் ஒரு புதிய விதிமுறை வந்தது. ஒரே இணைப்பில் பல கோரிக்கைகளை அனுப்பலாம். வேண்டாம் என்றால் ரத்து செய்யலாம். நல்ல எண்ணத்தோடு எழுதிய விதி. கேட்டுவிட்டு உடனே ரத்து செய்வதையே ஒருவன் தொழிலாக வைத்துக்கொள்வான் என்று யாருக்கும் தோன்றவில்லை. எட்டு வருஷம் கழித்து ஒருவனுக்குத் தோன்றியது!

2023 அக்டோபர் 10-ந் தேதி கூகுள், கிளவுட்பிளேர், அமேசான் மூன்று கம்பெனிகளும் ஒரே நாளில் இந்த மோசடியை உலகத்துக்கு அறிவித்தன. அன்றைக்கே பல சர்வர் தயாரிப்பாளர்கள் திருத்தம் வெளியிட்டார்கள். அவர்களில் ஒரு கூட்டத்தாரைப் பற்றித்தான் இன்று நாம் பேசப் போகிறோம். அவர்கள் "கோ" மொழிக்காரர்கள்.

கோ என்றொரு மொழி

நம் தமிழில் கோ என்றால் அரசன். இது அந்தக் கோ அல்ல. ஆங்கிலத்தில் "போ" என்று பொருள் தரும் சொல். 2007-ல் கூகுள் கம்பெனியில் ராபர்ட் கிரீஸ்மர், ராப் பைக், கென் தாம்ப்சன் என்ற மூவர் இந்தக் கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கத் தொடங்கினார்கள். 2009 நவம்பரில் உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். பெரிய பெரிய சர்வர்களை நடத்தும் டாக்கர், குபர்னெட்டஸ் போன்ற சாதனங்கள் எல்லாம் இந்த மொழியில் எழுதப்பட்டவை.

மனிதன் எழுதுவது கம்ப்யூட்டருக்கு நேராகப் புரியாது. அதற்குத் தெரிந்தது 0, 1 இரண்டுதான். மனிதன் எழுதியதை அந்த 0, 1 பாஷையில் மாற்றிக் கொடுக்கும் துபாஷி ஒருவன் வேண்டும். அந்தத் துபாஷிக்குப் பெயர் "கம்பைலர்". அதுவும் ஒரு புரோகிராம்தான்.

இன்னொன்றும் வேண்டும். கோப்பைத் திறப்பது, மணி பார்ப்பது, இன்னொரு கம்ப்யூட்டரோடு பேசுவது, ரகசியத்தைப் பூட்டி வைப்பது போன்ற வேலைகள் எல்லாப் புரோகிராம்களுக்கும் வேண்டியவை. ஒவ்வொருவரும் இவற்றைப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தால் உருப்படுமா? ஆகவே மொழியை உண்டாக்கியவர்களே இவற்றை எழுதி, மொழியோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். இதற்குப் பொது நூலகம் என்று பெயர். புத்தக நூலகம் மாதிரிதான். வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம், காசு இல்லை.

கோ மொழியின் பொது நூலகத்தில் சர்வர் வேலைக்கான பகுதியும் உண்டு. 100 தோசைக் கதை அங்கேதான் நடந்தது. அங்கே அந்த எல்லை, யாரும் மாற்றாவிட்டால், 250.

அவர்கள் செய்த திருத்தத்தைக் கேளுங்கள். மேஜையில் கேட்ட கணக்கை மட்டும் பார்க்காதே. அடுக்களையில் வெந்துகொண்டிருக்கும் கணக்கைப் பார். "வேண்டாம்" என்று அவன் சொல்லிவிட்டாலும், கல்லிலிருந்து எடுக்கும்வரை அது அவன் கணக்குத்தான். எல்லையைத் தொட்டுவிட்டால் புதிதாகக் கேட்பது வரிசையில் காத்திருக்கட்டும். வரிசை அளவுக்கு மீறி நீண்டால் ஆசாமியை வெளியே அனுப்பு!

எவ்வளவு எளிய யோசனை! கிராமத்து ஓட்டல் முதலாளி ஒருவரிடம் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்.

குடத்துத் தண்ணீர்

திருத்தம் வந்துவிட்டது. இனி கவலை இல்லை என்று நினைக்கிறீர்களா? இங்கேதான் விஷயமே இருக்கிறது.

சில புரோகிராம்கள் பொது நூலகத்தைத் தங்களோடு சுமப்பதில்லை. ஒரு கம்ப்யூட்டரில் ஒரே நூலகம் இருக்கும். எல்லாப் புரோகிராம்களும் ஓடும்போது அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளும். ஊர்ப் பொதுக் கிணறு மாதிரி. கிணற்றைத் தூர் வாரிச் சுத்தம் செய்துவிட்டால், மறுநாள் இறைக்கும் எல்லோருக்கும் நல்ல தண்ணீர்.

கோ மொழிப் புரோகிராம்கள் அப்படி அல்ல. கம்பைலர் ஒரு புரோகிராமைத் தயாரிக்கும்போதே, பொது நூலகத்திலிருந்து வேண்டியதை எடுத்து அதற்குள்ளேயே கலந்து, மூடிக் கொடுத்துவிடுகிறது. கிணற்றில் மொண்டு குடத்தில் வீட்டுக்கு எடுத்துப்போன தண்ணீர் அது.

இதில் பெரிய வசதி உண்டு. அந்தக் குடத்தை எந்த ஊருக்கும் தூக்கிக்கொண்டு போகலாம். அங்கே கிணறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதில்லை. இந்த வசதிக்காகவே பலர் கோ மொழியை விரும்புகிறார்கள்.

ஆனால் கிணற்றில் அழுக்கு இருந்தது என்று தெரிந்த நாளில்?

கிணற்றைச் சுத்தம் செய்துவிட்டார்கள். சந்தோஷம். போன மாதம் மொண்டு வைத்த குடம் சுத்தமாகுமா? ஆகாது! அந்தக் குடத்தைக் கவிழ்த்து, கழுவி, மறுபடி மொள்ள வேண்டும். அதாவது, புதிய கம்பைலரை வாங்கி வைத்தால் மட்டும் போதாது. அதைக்கொண்டு ஒவ்வொரு புரோகிராமையும் மீண்டும் தயாரிக்க வேண்டும். தயாரித்ததை சர்வரில் போட வேண்டும். பழையதை நிறுத்த வேண்டும்.

அக்டோபர் 10-ந் தேதி காலையில் உலகத்தில் எத்தனை குடம் இருந்திருக்கும்! ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் கையால் தொட்டாக வேண்டும். திருத்தத்தை எழுதியவர்களால் அது முடியாது. அவர்கள் கிணற்றுக்காரர்கள், குடம் யார் வீட்டில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது.

ஐந்தே நாளில் இரண்டு

இன்னொரு வேடிக்கையும் அந்த வாரத்தில் நடந்தது.

அக்டோபர் 10-ந் தேதி வந்த திருத்தப் பதிப்புகளின் எண்கள் 1.21.3, 1.20.10. (பள்ளிக்கூடத் தசமக் கணக்கு இங்கே செல்லாது. 1.20.9-க்கு அடுத்தது 1.20.10. கடைசி எண்ணை மட்டும் வரிசையாக எண்ணிக்கொள்ள வேண்டும்.) அதற்கு ஐந்து நாள் முன்பு, 5-ந் தேதிதான் 1.21.2, 1.20.9 வெளியாகியிருந்தன. அதுவும் பாதுகாப்புத் திருத்தம்தான். ஆனால் அது வேறு வகை.

புரோகிராம் ஓடும்போதுதான் ஆபத்து என்று நாம் நினைக்கிறோம். தயாரிக்கும்போதே ஆபத்து வந்தால்? யாரோ எழுதிய புரோகிராமை ஒருவர் வாங்கி, தம் கம்ப்யூட்டரில் கம்பைலருக்குக் கொடுக்கிறார். ஓட்டவில்லை, தயாரிக்க மட்டும் செய்கிறார். அதற்குள்ளேயே அவருடைய கம்ப்யூட்டரில் அந்நியன் இட்ட கட்டளை நடந்துவிடுகிறது! வீடு கட்டி முடிப்பதற்குள் திருடன் உள்ளே வந்த கதை.

கம்பைலருக்கு இன்ன இன்ன கட்டளைகளை இடக்கூடாது என்று தடை இருக்கிறது. "இது இன்ன கோப்பில் இன்ன வரி" என்று குறிக்கும் சாதாரணச் சீட்டு ஒன்றை வைத்து அந்தத் தடையைத் தாண்டலாம் என்று கண்டுபிடித்தார்கள். எளிதல்ல, கோப்பு எந்த இடத்தில் இருக்கும் என்ற முழு விலாசமும் கள்ளனுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இருந்தாலும் கோ மொழிக்காரர்கள் அலட்சியம் செய்யவில்லை. அடைத்துவிட்டார்கள்.

இந்த வகைத் திருத்தத்துக்குப் பழைய குடங்களைக் கவிழ்க்க வேண்டியதில்லை. தயாரிக்கும் இடத்தில் புதிய கம்பைலர் இருந்தால் போதும். நூலகத்துத் திருத்தம் வந்தால்தான் குடம் குடமாகப் போக வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் "புதுக் கம்பைலர் போட்டாகிவிட்டது" என்று நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் பலர்.

5-ந் தேதி புதியதைப் போட்டவர்கள் 10-ந் தேதி மறுபடியும் போட வேண்டியிருந்தது. அலுப்புத்தான். அலுத்துக்கொண்டே செய்தவர்களைப் பாராட்டுகிறோம்.

உங்கள் வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்து, "இன்று ராத்திரி வேலை இருக்கிறது, வர நேரமாகும்" என்று போன் செய்தால் கோபிக்காதீர்கள். ஒருவேளை அன்று எங்கோ ஒரு கிணறு தூர் வாரப்பட்டிருக்கும்!

"ஓடுகிறதே, ஏன் தொடவேண்டும்?"

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. முதலாளிகளில் உண்டு, அதிகாரிகளில் உண்டு, புரோகிராம் எழுதுகிறவர்களிலேயே உண்டு.

அவர்கள் கேள்வியில் நியாயமே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். அதே 2023-ம் ஆண்டு ஜூலை மாதம் வந்த 1.20.6 பதிப்பில் ஒரு பாதுகாப்புத் திருத்தம் இருந்தது. போகவேண்டிய கம்ப்யூட்டரின் பெயரை ஒழுங்காக எழுதாத கோரிக்கையை அனுப்ப மறுக்கும் திருத்தம். சரியான காரியம்தான். ஆனால் டாக்கர் புரோகிராமோ அந்த இடத்தில் பல காலமாக வேறொன்றை எழுதிப் பழகியிருந்தது. புதிய பதிப்பில் தயாரித்த டாக்கர் மக்கர் செய்தது! கோ மொழிக்காரர்கள் பிறகு வந்த பதிப்பு ஒன்றில் அதற்கு வழி செய்து கொடுத்தார்கள்.

ஆக, திருத்தம் சில சமயம் கையைக் கடிக்கும். உண்மை. அதனால் என்ன செய்ய வேண்டும்? ஓரமாக ஒரு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து, பிறகு எல்லாவற்றிலும் போட வேண்டும். அதற்கு ஒரு நாள் ஆகும். இரண்டு நாள் ஆகும். ஒரு வருஷம் ஆகுமா?

இத்தனைக்கும் கோ மொழியில் இந்த வேலை சுலபம். முதல் முழுப் பதிப்பு வந்த 2012-லேயே, "இன்று எழுதிய புரோகிராம் நாளைய பதிப்பிலும் செல்லும்" என்று வாக்குறுதி கொடுத்தார்கள். பெரும்பாலும் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் புதிய கம்பைலரில் போட்டு எடுத்துவிடலாம். டாக்கர் கதை விதிவிலக்கு.

தாமதிக்கிறவர்கள் இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். திருத்தம் வெளியாகும்போது, ஓட்டை எங்கே இருந்தது என்பதும் வெளியாகிவிடுகிறது. நல்லவன் படிக்கும் அறிவிப்பைக் கள்ளனும் படிக்கிறான். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓட்டை பளிச்சென்று தெரியும். நேற்றுவரை நாலு பேருக்குத் தெரிந்த ரகசியம், இன்று ஊருக்கே தெரியும். திருத்தம் வந்த மறுநாள் பழைய குடம் நேற்றைவிட அதிக ஆபத்தில் இருக்கிறது!

1.19 என்ற பதிப்பை வைத்திருந்தவர்களின் கதை இன்னும் பரிதாபம். கோ மொழியில் ஆண்டுக்கு இரண்டு பெரிய பதிப்புகள் வரும்; பிப்ரவரியில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று. கடைசி இரண்டு பெரிய பதிப்புகளுக்கு மட்டும்தான் பாதுகாப்புத் திருத்தம் உண்டு. 2023 ஆகஸ்டில் 1.21 வந்ததும் 1.19-க்குக் கதவு சாத்தப்பட்டது. இரண்டே மாதத்தில் அக்டோபர் 10 வந்தது. 1.21-க்குத் திருத்தம், 1.20-க்குத் திருத்தம், 1.19-க்கு ஒன்றும் இல்லை. பெரிய பதிப்பை மாற்றிக்கொண்டு வா என்பதுதான் பதில்.

இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் இலவசமாகக் கொடுக்கிறவர்கள் பத்து வருஷத்துப் பதிப்புக்கெல்லாம் காவல் காக்க வேண்டும் என்று எப்படிக் கேட்பது?

துபாஷியே பொய் சொன்னால்?

கோ மொழியை உருவாக்கிய மூவரில் கென் தாம்ப்சன் ஒருவர் என்று சொன்னோம். அவர் பெரிய மேதை. யூனிக்ஸ் என்ற புகழ் பெற்ற அமைப்பை டென்னிஸ் ரிச்சியோடு சேர்ந்து உருவாக்கியவர். 1983-ம் ஆண்டுக்கான டூரிங் பரிசு இருவருக்கும் கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்றபோது தாம்ப்சன் நிகழ்த்திய சொற்பொழிவு 1984-ல் அச்சில் வந்தது. கேட்டவர்களுக்குத் தூக்கம் வந்திருக்காது!

அவர் சொன்னது இதுதான்: ஒரு கம்பைலரை நான் கெடுத்து வைக்கிறேன். உள்ளே நுழைய ரகசியச் சொல் கேட்கும் புரோகிராமை யாராவது அதில் தயாரித்தால், எனக்கு மட்டும் கதவு திறக்கும்படி அது யாருக்கும் தெரியாமல் மாற்றிவிடும். அதோடு விடுகிறேனா? அடுத்த கம்பைலரையே அதில் தயாரித்தால், அதற்குள்ளும் இதே கெட்ட புத்தியைப் புகுத்திவிடும். பிறகு எழுத்தில் இருக்கும் தடயத்தை அழித்துவிடுகிறேன். நீங்கள் வரி வரியாகப் படித்துப் பாருங்கள். ஒரு குற்றமும் இராது. துபாஷியின் நாக்கில் அல்லவா விஷம் இருக்கிறது!

வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியுமா? இதே ரகம் இல்லாவிட்டாலும் இதன் பங்காளி ஒன்று 2015 செப்டம்பரில் சீனாவில் வெளிப்பட்டது. ஐபோன் புரோகிராம்கள் தயாரிப்பதற்கு ஆப்பிள் கம்பெனி எக்ஸ்கோட் என்ற சாதனத்தை இலவசமாகத் தருகிறது. அதைக் கம்பெனியிடமிருந்து இறக்க நேரமாகிறது என்று, பலர் வேறு இடத்தில் கிடைத்த நகலை எடுத்துக்கொண்டார்கள். அந்த நகலில் யாரோ கை வைத்திருந்தார்கள். அதில் தயாரான புரோகிராம்கள் எல்லாம், தயாரித்தவருக்கே தெரியாமல், பயன்படுத்துகிறவரின் தகவல்களை வெளியே அனுப்பின. கோடிக்கணக்கானவர்கள் பயன்படுத்தும் வீசாட் புரோகிராமின் ஒரு பதிப்பும் அதில் சிக்கியது. அவசரத்தில் வழியோரத் தண்ணீரைக் குடித்த கதை.

இதற்கும் கோ மொழிக்காரர்கள் ஒரு வழி செய்திருக்கிறார்கள். 2023 ஆகஸ்டில் வந்த 1.21 முதல், அவர்கள் வெளியிடும் கம்பைலரை யார் வேண்டுமானாலும் மூலத்திலிருந்து தாமே தயாரித்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். எந்த ஊரில், எந்தக் கம்ப்யூட்டரில் தயாரித்தாலும் ஒரு புள்ளி பிசகாமல் அதுவே வர வேண்டும். வரவில்லை என்றால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கடைக்காரரின் படியை நம் வீட்டுப் படியால் அளந்து பார்ப்பது போல. தாம்ப்சன் பயமுறுத்தி நாற்பது ஆண்டு ஆகப்போகிற சமயத்தில், அவர் கைபட்ட மொழியிலேயே இந்த ஏற்பாடு வந்திருக்கிறது.

யாரிடம் கேட்பது?

நம்மில் பலர் கம்பைலரைக் கண்ணால் பார்க்கப் போவதில்லை. ஆனால் புரோகிராம்களைக் காசு கொடுத்து வாங்குகிறோம். கடைக்குக் கணக்குப் போட ஒன்று, பள்ளிக்கூடத்தில் சம்பளம் கட்ட ஒன்று, ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுக்க ஒன்று. வாங்கும்போது என்ன கேட்கிறோம்? "என்ன விலை? தமிழில் வருமா? பில் அச்சடிக்குமா?" இவ்வளவுதான்.

"எந்தப் பதிப்புக் கம்பைலரில் தயாரித்தீர்கள்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். விற்பவர் விழித்தால், அங்கேயே பாதி விஷயம் புரிந்துவிடும்.

கோ மொழிப் புரோகிராம் என்றால் விற்பவர் மழுப்பவும் முடியாது. தயாராகி முடிந்த புரோகிராமின் மீதே அது எந்தப் பதிப்பில் தயாரானது என்ற முத்திரை இருக்கிறது. ஒரே ஒரு கட்டளையில் படித்துவிடலாம். தெரிந்துபோன ஓட்டைகளில் எது எது அந்தப் புரோகிராமைத் தொடுகிறது என்று சோதித்துச் சொல்லும் இலவசச் சாதனம் ஒன்றையும் அவர்களே 2022-ல் வெளியிட்டிருக்கிறார்கள். எழுதியதைச் சோதிக்கும்போது, ஓட்டை உள்ள பகுதியை அந்தப் புரோகிராம் உண்மையில் பயன்படுத்துகிறதா என்றுகூட அது பார்க்கும். வெறும் பூச்சாண்டி காட்டாது.

அரசாங்க இலாகாக்கள், நகரசபைகள், சங்கங்கள் ஒப்பந்தம் போட்டுப் புரோகிராம் வாங்குகின்றன. கட்டடத்துக்குப் பழுது பார்க்கும் ஷரத்து இருக்கிறது. லிப்டுக்கு இருக்கிறது. புரோகிராமுக்கும் எழுதுங்கள்: பாதுகாப்புத் திருத்தம் வெளியானால் இத்தனை நாளுக்குள் மீண்டும் தயாரித்துப் போட வேண்டும், அந்தச் செலவு இன்னாருடையது. எழுதாவிட்டால் என்ன நடக்கும்? கட்டிக் கொடுத்தவர் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார். நாலு வருஷம் கழித்துத் திருத்தம் வரும். "அந்தப் புரோகிராமின் மூலம் யாரிடம் இருக்கிறது?" என்று தேடுவார்கள். மூலம் இல்லாமல் கம்பைலருக்கு எதைக் கொடுப்பது? குடத்தைக் கழுவக் குடமே கிடைக்காது!

வீட்டில் இருப்பவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. போனில், "புதிய பதிப்பு வந்திருக்கிறது" என்று அறிவிப்பு வருகிறது. போட்டுப் பார்த்தால் ஒன்றும் மாறவில்லை. அதே நிறம், அதே பொத்தான். "இதற்கா இவ்வளவு நேரம்?" என்று கேட்கிறோம். உள்ளே தண்ணீரை மாற்றி வைத்திருப்பார்கள். குடம் பார்வைக்கு அதேதான்.

1.21.3-ல் எல்லாவற்றையும் மறுபடி தயாரித்து, அன்று பெருமூச்சு விட்டவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. 2024 ஆகஸ்டு 13-ந் தேதி 1.23 வெளிவந்தது. அன்றோடு 1.21-க்கும் கதவு சாத்தப்பட்டது. அதற்குப் பிறகு வந்த திருத்தம் எதுவும் அதற்குக் கிடையாது. பத்து மாதத்துக்கு முன் ராத்திரி கண் விழித்து நிரப்பிய அதே குடங்களை, அவர்கள் மறுபடியும் கிணற்றடிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.